வெள்ளைப் பல், சிவந்த ஈறு

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. எலிக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. கஞ்சி வாசம் ஏறிய பாவில் ஓரிடத்தில் எலி வாய் வைத்தால் போதும், அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகத் தேடி முடிந்து தறியை மறுபடி ஓட்டுவதற்குள் நெய்பவரின் ஒரு நாள் கூலி போய்விடும். பக்கத்துக் களம்பூரின் அரிசி ஆலைகளில் வேறு வகை நஷ்டம், ஆனால் எதிரி அதே எலிதான். இந்த வட்டாரத்தில் பூனையை யாரும் விரட்டாமல் இருப்பதற்குப் பாசம் மட்டும் காரணமில்லை.

இப்போது புதிருக்கு வருவோம். ஆலைச் சுவர்மேல் படுத்திருக்கும் பூனை கொட்டாவி விடும்போது பாருங்கள். யாரும் அதற்குப் பல் துலக்கிவிட்டதில்லை, எலியையும் ஓணானையும் தின்று வளர்ந்தது, பல்லோ வெள்ளை வெளேர் என்றிருக்கும். வீட்டுக்குள் பால் சோறும் மீனும் கிண்ணத்தில் வாங்கித் தின்னும் செல்லப் பூனையின் கொட்டாவியில் கடைவாய் மஞ்சளாகத் தெரியும். முகத்தருகே வந்தால் நாற்றமும் அடிக்கும். இது எப்படி?

பலருக்கும் உடனே ஒரு விடை தோன்றிவிடுகிறது: தெருப்பூனை எலும்பைக் கடிக்கிறது, வீட்டுப்பூனை கடிப்பதில்லை. கோழிக்கடையில் கழுத்தும் காலும் சொற்ப விலைக்குக் கிடைக்கும், சில கடைகளில் சும்மாவே தருவார்கள். பச்சையாக வாங்கிப் போட்டால் பல் தானாகச் சுத்தமாகிவிடாதா? இந்த விடை பாதி சரி. மீதிப் பாதி எங்கே தவறுகிறது என்று பார்க்கப் பூனையின் வாய்க்குள் போக வேண்டும்.

பாக்குவெட்டி வாய்

வளர்ந்த பூனைக்கு முப்பது பற்கள், மேலே 16, கீழே 14. முன்னால் வரிசையாக அரிசி மணியளவில் பன்னிரண்டு, நாலு மூலையில் நாலு கோரைப்பல், மீதிப் பதினான்கும் கன்னத்துப் பக்கம். மாட்டையும் மனிதரையும் போல் தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தி அரைக்கப் பூனையால் முடியாது. பாக்குவெட்டியைப் போல ஒரே கீல், மேலும் கீழும் மட்டுமே அசைவு.

மேல்தாடையில் கன்னத்தை ஒட்டி, மற்ற பற்களைவிடப் பெரிதாக, முனை முனையாக நிற்கும் ஒரு பல் உண்டு. அதற்குக் கீழே அதன் இணை. இந்த ஜோடியை ஊன்வெட்டிப் பல் என்று அழைக்கலாம். இவை ஒன்றன்மேல் ஒன்று உட்காருவதில்லை, ஒன்றையொன்று உரசிக்கொண்டு கடந்து போகின்றன. நடுவில் மாட்டியது எதுவானாலும் துண்டாகும். பூனை தலையைச் சாய்த்து, ஒரு பக்க வாயால் எலியைக் கடிப்பது இதற்காகத்தான். துண்டானதும் நேரே விழுங்கிவிடும். மெல்லுவது என்று நாம் சொல்லும் வேலை அங்கே ஏறக்குறைய இல்லை.

அரைக்கும் தட்டையான பரப்பு இல்லாததால் பூனைக்கு இன்னொரு லாபம்: நமக்கு வரும் சொத்தைப் பல் அதற்கு மிக அரிது. பள்ளம் இல்லை, பள்ளத்தில் தங்கும் மாவும் சர்க்கரையும் இல்லை. சர்க்கரையின் மேல் ஆசையும் இல்லை. இனிப்பை உணர வேண்டிய மரபணுக்களில் ஒன்று பூனை இனத்தில் செத்துக் கிடக்கிறது என்று 2005-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். பூனையின் வாய் கெடும் வழி வேறு. அது பல்லில் தொடங்குவதில்லை, பல்லும் ஈறும் சேரும் கோட்டில் தொடங்குகிறது.

படலமும் காரையும்

துலக்கி முடித்த பல்லின்மேல் சில நிமிடங்களில் எச்சிலின் புரதம் மெல்லிய சவ்வாகப் படிகிறது. சில மணி நேரத்தில் பாக்டீரியாக்கள் அதில் குடியேறி, ஒன்றின்மேல் ஒன்றாகப் பெருகி, வழவழப்பான அடுக்காகின்றன. பல் மருத்துவர்கள் பிளேக் என்று சொல்லும் இதைப் பற்படலம் என்போம். கண்ணுக்கு எளிதில் தெரியாது, விரலால் தேய்த்தால்கூடப் போய்விடும்.

தேய்க்காமல் விட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து ஓரிரு நாளிலேயே படலத்துக்குள் இறங்கிக் கெட்டியாகத் தொடங்கும். பூனையின் எச்சிலில் நம்முடையதைவிடக் காரத்தன்மை அதிகம் என்பதால் இது வேகமாக நடக்கிறது. கெட்டியான இந்தப் படிவைப் பற்காரை எனலாம். மஞ்சளாகவும் பழுப்பாகவும் நம் கண்ணில் படுவது இதுதான். விரலுக்கு அசையாது, சுரண்டினால்தான் பெயரும்.

நம் கண்ணை உறுத்துவது காரை. ஈறை அரிப்பது படலம். காரை பெரும்பாலும் செத்த சுண்ணாம்பு, அதன் சொரசொரப்பில் புதுப் படலம் எளிதாக ஒட்டும் என்பதே அதன் முக்கியக் குற்றம். நோயை உண்டாக்குவது உயிருள்ள படலமும், அதை எதிர்த்து உடல் நடத்தும் போரும். அந்தப் போர் நடக்கும் இடம் ஈறுக்கும் பல்லுக்கும் இடையே உள்ள நுண்ணிய பள்ளம். நலமான பூனையில் அதன் ஆழம் அரை மில்லிமீட்டர் அளவே. படலம் அதற்குள் இறங்கினால் ஈறு சிவக்கும், வீங்கும், தொட்டால் ரத்தம் கசியும். இந்த நிலையில் திருப்பிவிட முடியும். இன்னும் உள்ளே போனால் பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். கரைந்த எலும்பு திரும்பி வருவதில்லை.

அந்தப் பள்ளத்துக்குள் எது எட்டும் என்பது மனிதர்களுக்கும் பழைய தலைவலிதான். நியூ ஆர்லியன்ஸ் நகரில் தொழில் செய்த லீவை ஸ்பியர் பார்ம்லி என்ற பல் மருத்துவர் 1819-ல் எழுதிய நூலில், பல்லிடுக்கைச் சுத்தம் செய்ய மெழுகு பூசிய பட்டு நூலைப் பரிந்துரைத்தார். இன்று மருந்துக்கடையில் நைலானில் விற்கும் பல்லிடுக்கு நூலின் மூதாதை பட்டுதான். ஆரணிக்காரர்கள் தாராளமாகப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

எலும்பு சுரண்டுகிறது, அது உண்மைதான்

பச்சை எலும்புக்காக வாதாடியவர்களில் இரண்டு ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர்கள் முக்கியமானவர்கள். 1993-ல் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் நாய்க்கு எலும்பு கொடுங்கள் என்று புத்தகம் எழுதினார். 2001-ல் டாம் லான்ஸ்டேல் சதை ஒட்டிய பச்சை எலும்பே நாய்க்கும் பூனைக்கும் இயற்கை மருந்து என்று இன்னும் உரத்துச் சொன்னார். டப்பா உணவும் பொட்டல உணவும் வாயைக் கெடுக்கின்றன என்பது இவர்கள் வாதம். உலகெங்கும் இன்று பச்சைத் தீனி ஊட்டுபவர்கள் பலருக்கும் இவர்களே வழிகாட்டிகள்.

இவர்கள் சொன்னதில் சோதித்துப் பார்க்கக்கூடிய பகுதி தேறியிருக்கிறது. 2016-ல் வெளியான பிரேசில் ஆய்வொன்றில் எட்டு பீகிள் நாய்களுக்குத் தினமும் மாட்டு எலும்பு கொடுத்தார்கள். மூன்று வாரத்துக்குள் பற்காரையின் பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது. கெட்டி எலும்பைவிட, மூட்டுப் பக்கத்து மிருதுவான எலும்பு நன்றாக வேலை செய்தது.

இதில் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சோதித்தது நாயை. அளந்தது காரையை, ஈறை அல்ல. நாய் மணிக்கணக்காக எலும்பைக் கடித்துக்கொண்டிருக்கும், பூனை நாலு வெட்டில் வேலையை முடித்துவிடும். ஆகவே பூனைக்கு என்ன ஆகிறது என்று தெரிய, வாழ்நாள் முழுக்க எலும்போடு சேர்த்தே இரையைத் தின்ற பூனைகள் கூட்டமாக வேண்டும். அவற்றின் பல்லை நிதானமாகப் பார்க்கவும் முடிய வேண்டும். அப்படி ஒரு கூட்டம் உலகில் இருந்தது.

மேரியன் தீவின் மண்டையோடுகள்

ஆப்பிரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுக்கடலில் மேரியன் என்றொரு குளிர்த் தீவு. தென்னாப்பிரிக்காவுக்குச் சொந்தம். 1940-களின் இறுதியில் அங்கே வானிலை நிலையம் அமைத்தபோது, எலித் தொல்லைக்கு ஐந்து பூனைகளைக் கொண்டுபோனார்கள். நோக்கம் நம் தறிக்கூடத்து நோக்கமேதான். ஆனால் தீவில் எலியைவிடச் சுலபமான இரை இருந்தது. மண்ணில் வளை தோண்டி வாழும் பெட்ரல் என்ற கடற்பறவைகள். பூனைகள் அங்கே திரும்பின. 1970-களின் நடுவில் ஆண்டுக்கு நாலரை லட்சம் பறவைகள் அளவில் தின்று தீர்த்தன. 1977-ல் பூனைகளின் எண்ணிக்கை 3,400-ஐத் தொட்டது.

பறவைகளைக் காக்க வேண்டுமானால் பூனைகளை ஒழித்தாக வேண்டும் என்று முடிவெடுத்து, முதலில் பூனைகளைத் தாக்கும் வைரஸைப் பரப்பினார்கள், பிறகு வேட்டையாடினார்கள். 1991-க்குள் தீவில் பூனை இல்லை. கொடுமையான கதைதான். அதன் மிச்சமாகக் கிடைத்தன நூற்றுக்கணக்கான மண்டையோடுகள். பூனைப் பல் ஆய்வாளர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சேகரிப்பு வேறெங்கும் வாய்க்காது. கிண்ணத்துச் சோறு காணாத பூனைகள், பச்சை இறைச்சியும் இறகும் எலும்புமாகத் தின்றவை.

ஃபிராங்க் வெர்ஸ்ட்ரேட்டும் சக ஆய்வாளர்களும் வளர்ந்த பூனைகளின் 301 மண்டையோடுகளைப் பல் பல்லாகச் சோதித்து 1996-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பற்காரை மிகச் சில பூனைகளில்தான் இருந்தது, அதுவும் லேசாக. பச்சை எலும்புக் கட்சிக்கு இதுவரை வெற்றி. அடுத்த எண்தான் தூக்கிப் போடுகிறது. ஈறுநோய் முற்றி, பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்த தடம் 61.8 விழுக்காடு பூனைகளில் இருந்தது. 301-ல் 186 பூனைகள்.

பூனை உயிரோடு இருக்கும்போது ஈறில் நடந்த அழற்சியை மண்டையோடு காட்டாது. அது எலும்புவரை இறங்கியதை மட்டுமே காட்டும். அப்படியானால் இந்த 186 என்பது முற்றிய நோயின் கணக்கு. ஈறு மட்டும் சிவந்து நின்ற பூனைகள் இதில் சேரவில்லை.

இன்னோர் எண்ணையும் பக்கத்தில் வைத்தால்தான் நியாயம். நோய் தாக்கியது மொத்தப் பற்களில் 14.8 விழுக்காட்டையே. வாய்க்கு முப்பது பல் என்று வைத்துக்கொண்டால் பூனைக்குச் சராசரியாக நாலைந்து பல். பலரைத் தொட்ட நோய், ஆனால் ஒவ்வொருவர் வாயிலும் சில இடங்களில் மட்டும். எலும்பு சில பற்களைக் காத்திருக்கலாம் என்று வாதாட இங்கே இடம் உண்டு. முழு வாயையும் காத்தது என்று சொல்ல இடமில்லை.

இரண்டாண்டு கழித்து, 1998-ல், ஆஸ்திரேலியாவில் காட்டில் இரை தேடிய பூனைகளையும் கடை உணவு தின்ற வீட்டுப் பூனைகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். காட்டுப் பூனைகளுக்குக் காரை குறைவு. ஈறுநோயில் இரண்டு கூட்டத்துக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. வேறு கண்டம், வேறு இரை, அதே விடை.

காரணம் வாயின் அமைப்பிலேயே இருக்கிறது. எலும்பு உரசுவது ஊன்வெட்டிப் பல்லின் பக்கச் சுவரை. கோரைப்பல்லும் முன்பல்லும் அந்த உரசலுக்கு வெளியே நிற்கின்றன. ஊன்வெட்டியிலும் கிரீடம் சுத்தமாகிறது, ஈறுக்கு உள்ளே இருக்கும் அரை மில்லிமீட்டர் அப்படியே கிடக்கிறது.

ஆலைச் சுவர்மேல் கொட்டாவி விட்ட பூனைக்கு இன்னொரு விளக்கமும் உண்டு. தெருப்பூனைகள் பெரும்பாலும் இளசு. வண்டியும் நாயும் நோயும் அவற்றைச் சில வருடங்களிலேயே கொண்டுபோய்விடுகின்றன. பத்து வயது வீட்டுப்பூனையின் பல்லை இரண்டு வயதுத் தெருப்பூனையின் பல்லோடு ஒப்பிட்டுத்தான் நாம் ஆச்சரியப்படுகிறோம். வாய் வலித்த தெருப்பூனை இரை பிடிக்க முடியாமல் ஒதுங்கிச் செத்திருக்கும். அது நம் கண்முன் கொட்டாவி விடப்போவதில்லை.

பச்சை எலும்பு, வெந்த எலும்பு

எலும்பு என்பது இரண்டு பொருள்களின் கூட்டு. கொலாஜன் என்ற நார்ப்புரதம் வளைந்து கொடுக்கிறது, அதில் பதிந்த சுண்ணாம்பு உப்பு விறைப்பைத் தருகிறது. பச்சைக் கோழிக் கழுத்தை வளைத்தால் வளையும், பூனையின் பல்லுக்குக் கீழே நசுங்கும், வயிற்று அமிலத்தில் கரையும். வேகவைத்தால் கொலாஜன் உருகி வெளியேறுகிறது. எலும்புச் சாறு ஆறினால் கட்டியாவது அதனால்தான். வளைவைக் கொடுத்த பொருள் போனபின் மிஞ்சுவது சுண்ணாம்பு மட்டும். கடித்தால் ஈட்டி முனையாகப் பிளக்கும், தொண்டையிலும் குடலிலும் குத்தும்.

ஆற்காட்டுப் பக்கம் பிரியாணி அதிகம். இலையில் மிஞ்சும் எலும்பைப் பூனைக்கு ஒதுக்கிவைப்பது இங்கே அன்பின் வழக்கம். அதை நிறுத்துவது நல்லது. வெந்த எலும்பு ஒரு காரணம். மசாலாவில் ஊறிய வெங்காயமும் பூண்டும் இரண்டாவது, அவை பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை. சமைக்காத ஆட்டுக்கால் எலும்பும் வேண்டாம். அது தடித்துக் கெட்டியானது, ஊன்வெட்டியைச் சில்லாகப் பெயர்த்துவிடும். கட்டை விரல் நகத்தை அழுத்தினால் தடம் விழாத எதையும் கடிக்கக் கொடுக்காதீர்கள் என்பது கால்நடைப் பல் மருத்துவர்களின் எளிய விதி.

எலும்போடு கூட வருபவை

பச்சைக் கோழியோடு சால்மொனெல்லாவும் கேம்பைலோபேக்டரும் வரும். பூனை பெரும்பாலும் சமாளித்துவிடும். பூனையின் கிண்ணத்தைக் கழுவும் கையும், அதே தரையில் தவழும் குழந்தையும் சமாளிப்பார்களா என்பதுதான் கேள்வி.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பறவைக் காய்ச்சல் வைரஸ் பூனை இனத்தை மோசமாகத் தாக்குகிறது. 2004-ல் தாய்லாந்தின் ஒரு புலிக் காட்சிசாலையில் பச்சைக் கோழி தின்ற புலிகளுக்கு அது பரவி, நூற்றுக்கும் மேற்பட்டவை இறந்தன அல்லது கொல்லப்பட்டன. 2024 டிசம்பரில் நாக்பூரின் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் அதே நோயில் இறந்தன. தீனியாகப் போன கோழி மீதே சந்தேகம் விழுந்தது. அதே மாதம் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வீட்டுப்பூனை, பொட்டலத்தில் விற்ற பச்சை வான்கோழித் தீனியால் இறந்தது. இறைச்சியை வேகவைத்தால் வைரஸ் செத்துவிடும். ஆனால் எலும்பை வேகவைத்தால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். பச்சை எலும்புக்காரர்களுக்கு இந்த இக்கட்டிலிருந்து வெளிவர வழி இல்லை. என் கணக்கில், காரை போவது மட்டுமே லாபம் என்னும்போது இது விலை அதிகமான வியாபாரம்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பயந்துபோய் எலும்பில்லாத சதையாக மட்டும் ஊட்டுபவர்கள் குட்டிகளின் எலும்பையே பலவீனமாக்குகிறார்கள். சதையில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் மிகச் சொற்பம். ஈடுகட்ட உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கும். முழு எலியில் இரண்டும் அளவாக இருக்கின்றன. கோழி நெஞ்சுக்கறியில் இல்லை.

எலும்பைவிட நூல்

ஆரணியில் பூனைக்கு எலும்பைவிட அருகில் கிடக்கும் ஆபத்து தறிக்கடியில் உதிர்ந்த பட்டிழையும் ஜரிகைத் துணுக்கும். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் தொண்டையை நோக்கிச் சாய்ந்தவை. வாய்க்குள் போன நூலைத் துப்ப அவை விடுவதில்லை, உள்ளேதான் தள்ளும். நூலின் ஒரு முனை நாக்கடியில் சிக்கிக்கொண்டு மறுமுனை குடலுக்குள் இறங்கினால், குடல் அந்த நூலின்மேல் சுருக்கு விழுந்து சுருண்டு ஏறும். குடல் அசையும் ஒவ்வொரு முறையும் இழுபட்ட நூல் அதன் சுவரை அறுக்கும். பட்டு எளிதில் செரிக்காது, அறுவை மருத்துவர்கள் அதைத் தையலுக்கு நம்பியதும் அதனால்தான்.

வாந்தி, சாப்பிட மறுப்பு, ஒடுங்கிப் படுத்தல் ஆகியவை தெரிந்தால் நாக்கடியைப் பாருங்கள். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்கக் கூடாது. மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

சரி, பல்லுக்கு என்னதான் வழி?

படலம் தினமும் படிகிறது, ஆகவே தினமும் துடைப்பதுதான் வழி. விரலில் சுற்றிய ஈரத் துணி அல்லது குழந்தைகளுக்கான மெல்லிய பிரஷ் போதும். வெளிப்பக்கம், ஈறுக் கோட்டை ஒட்டி, முக்கியமாக ஊன்வெட்டியில். நம் பற்பசை கூடாது, பூனை துப்பாது, விழுங்கிவிடும். பூனைக்கென்று கோழி வாசத்தில் விற்கும் பசை இருக்கிறது. குட்டியாக இருக்கும்போதே பழக்கினால் ஒத்துக்கொள்ளும். வளர்ந்த பிறகு தொடங்குபவர்கள் கையில் கீறல் வாங்கத் தயாராக இருக்க வேண்டும்.

ஏற்கெனவே காரை ஏறிய வாயை மயக்கம் கொடுத்து, ஈறுக்கடியிலும் சேர்த்துத்தான் சுத்தம் செய்ய முடியும். ஆரணியிலிருந்து இதற்குச் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிவரை போக நேரலாம், நூறு கிலோமீட்டருக்கு மேல். அதனால் வீட்டிலேயே மாதம் ஒருமுறை மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். பல் எவ்வளவு மஞ்சள் என்பது அவ்வளவு முக்கியமில்லை. பல்லை ஒட்டி ஈறில் சிவப்புக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். கிண்ணத்தருகே ஆவலாக வந்து திடீரென விலகுவது, ஒரு பக்கமாகவே கடிப்பது, எச்சில் வடிவது எல்லாம் வலியின் அடையாளங்கள்.

துலக்கினாலும் நிற்காத ஒரு நோயும் பூனைக்கு உண்டு. உடலின் சொந்த அணுக்களே பல்லை வேரிலிருந்து கரைக்கும். மேரியன் தீவு மண்டையோடுகளிலும் அது இருந்தது, நகரத்து வீட்டுப் பூனைகளிலும் பரவலாக இருக்கிறது. அதன் காரணம் இன்னும் முழுதாகத் துலங்கவில்லை. கடும் வலி தரும் அந்தப் பல்லைப் பிடுங்குவதே சிகிச்சை. வாய் முழுக்கப் புண்ணாகும் வேறொரு நோயில் எல்லாப் பற்களையும் எடுக்க வேண்டிவருவதும் உண்டு. வளர்ப்பவர்கள் அதைக் கேட்டுக் கலங்கிப்போவார்கள், இனி அது எப்படிச் சாப்பிடும் என்று. பூனை எப்போதுமே மென்றதில்லையே. புண் ஆறியதும் மீன் சோற்றைக் கிண்ணம் காலியாகும்வரை விழுங்கும். பல நாள் வலியில் பட்டினி கிடந்தது பெரும்பாலும் முன்னைவிட நன்றாகவே தின்னும்.